மூன்று நூல் குறைச்சல்

மார்ச் 3, திங்கள்

பெரியம்மா மகள் அக்கா ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தாள். முழுக்க வெட்டி அடுக்கிய துணிகள், குவில்ட் (துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) ஒன்றுக்காக. நட்சத்திர பிளாக் (நட்சத்திரம் தெரியும்படி துண்டுகளைச் சேர்த்த சதுரம்) 30, ஐந்து பத்தி, ஆறு வரிசை. நடுவில் பறவைப் பூ போட்ட துணி, நட்சத்திர முனைகளுக்கு அடர்நீலம், பின்புலத்துக்கு வெளிர்நிறம்.

"எல்லாம் வெட்டியாச்சுடி. ஒண்ணு தைச்சுப் பார்த்தேன், சேரலை. மிஷின்ல ஏதோ கோளாறு."

மிஷினில் கோளாறில்லை. அவள் தைத்திருந்த துண்டைப் பார்த்த உடனே தெரிந்தது. ஒரு பெரிய வெளிர் சதுரமும் நான்கு நீலச் சதுரமும் சேர்ந்துதான் ஒரு பிளாக்கின் நான்கு முனைத் துண்டுகள். பெரிய சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு நீலச் சதுரங்களை வைத்தால், நடுவில் அவை ஒன்றன்மேல் ஒன்று அரை அங்குலம் ஏறி உட்கார வேண்டும். இவளுடையது தொடக்கூட இல்லை. கால் அங்குலம் இடைவெளி. நல்லவேளை, தைத்ததோடு நிறுத்திவிட்டாள். மூலைவிட்டத்தில் வெட்டியிருந்தால் அந்தத் துண்டு போயிருக்கும். தையலைப் பிரித்து வைத்தேன்.

நீலச் சதுரம் 3 7/8 அங்குலம் இருக்க வேண்டியது. அளந்தால் 3 1/2. மூன்று நூல் குறைச்சல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று). 120 சதுரமும் அப்படித்தான்.

ரோட்டரி கட்டரை (உருண்டு வெட்டும் வட்ட பிளேடு) எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். பதற்றத்தில் இருக்கும் ஆளுக்கும் கூர் பிளேடுக்கும் நடுவே கொஞ்ச தூரம் இருக்கட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

தப்பு எங்கே என்று அக்காவிடம் கேட்டபோது, "மூணு அங்குலம் வேணும், தையலுக்கு ரெண்டு பக்கமும் கால் கால் விட்டேன், மூணரை" என்றாள். நேராகத் தைக்கும் சதுரத்துக்கு அந்தக் கணக்கு சரி. இந்தச் சதுரமோ குறுக்கே வெட்டப்பட்டு முக்கோணமாகிறது. சாய்ந்து ஓடும் தையலும் கால் அங்குலம்தான் எடுக்கும், ஆனால் சாய்வில் அளப்பதால் பக்கத்தின் நீளத்தில் அது கால் அங்குலத்தின் 1.414 மடங்காகத் தின்னும். அரையோடு அதையும் கூட்டினால் 0.854. அதைத்தான் 7/8 என்று முழுமைப்படுத்திச் சொல்கிறார்கள். பெரிய சதுரம் இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்டுப்படுவதால் அதற்கு 1 1/4 சேர்க்க வேண்டும். அதை அக்கா சரியாகவே 7 1/4 ஆக வெட்டியிருக்கிறாள்.

இன்று வேறு வேலை செய்யவில்லை, கணக்கெடுப்பு மட்டும். ஒவ்வொரு அடுக்கிலும் மேல்துண்டையும் அடித்துண்டையும் அளந்தேன். பல மடிப்பை ஒரே இழுப்பில் வெட்டினால் அடித்துணி நழுவும். மேலே சரியாக இருக்கிறதென்று கீழே நம்ப முடியாது. இங்கே நழுவல் அரை நூலுக்கும் குறைவு. பொறுக்கலாம்.

நீலத் துணி ஒன்றரை கஜத்தில் மீதி, முழு அகலத்தில் 19 அங்குல நீளம். அதிலிருந்து 3 7/8 சதுரம் வெட்டினால் 40 வரும். பத்து பிளாக்குக்கு மேல் போகாது. அதே நீலம் திரும்ப வாங்கினாலும் வேறு சாயத் தொகுதியாக இருந்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். இருப்பதில் முடிக்கப் பார்ப்போம்.

மார்ச் 5, புதன்

முதலில் தோன்றிய வழி என்னை வெகுநேரம் ஏமாற்றியது. 3 1/2 சதுரமும் 3 1/2 × 6 1/2 செவ்வகமும் இருந்தால் இதே முனைத் துண்டை வேறு முறையில் தைக்கலாம்: செவ்வகத்தின் மூலையில் சதுரத்தை வைத்து, மூலைக்கு மூலை தைத்து, மடித்துத் திருப்பினால் முடிந்தது. 7 1/4 பெரிய சதுரத்திலிருந்து அந்தச் செவ்வகம் இரண்டு கிடைக்கும். அளவு அவ்வளவு அழகாகப் பொருந்தவே துள்ளினேன்.

எண்ணிப் பார்த்தபோதுதான் துள்ளல் அடங்கியது. இந்த முறைக்கு ஒரு பிளாக்குக்கு நீலச் சதுரம் எட்டு வேண்டும், நான்கல்ல. 120-க்கு 15 பிளாக். செவ்வகம் 60, அதுவும் 15 பிளாக். சரிபாதி குவில்ட். மீதி 15 இடத்தில் வெறும் துணிச் சதுரம் வைக்கலாம் என்றால் அக்கா முகம் சுருங்கியது. "அந்தப் பறவையெல்லாம்?"

மார்ச் 6, வியாழன்

பெரியதைச் சின்னதுக்கு இறக்க வேண்டும். சின்னதைப் பெரிதாக்கத்தானே முடியாது.

நீலம் 3 1/2. அதில் 7/8 போனால் முனையின் உயரம் 2 5/8, அகலம் அதன் இருமடங்கு 5 1/4. அப்படியென்றால் பெரிய சதுரம் 5 1/4 + 1 1/4 = 6 1/2. இருப்பது 7 1/4, குறைத்துக்கொள்ளலாம். பறவைச் சதுரம் 6 1/2-லிருந்து 5 3/4 ஆகும். மூலைச் சதுரம் 3 1/2-லிருந்து 3 1/8. பிளாக் தைத்து முடித்தால் 12-க்குப் பதில் 10 1/2 அங்குலம். ஒரு துண்டுகூட வீணாகாது, 30 பிளாக்கும் வரும்.

சரிபார்க்க ஒரு குறுக்குவழி: 3 1/2 + 3 1/2 = 7. பெரிய சதுரம் 6 1/2. அரை அங்குலம் ஏறி உட்காருகிறது. அக்காவை ஃபோனில் எழுப்பிச் சொன்னேன்.

"அப்போ போர்வை சின்னதாயிடுமே?"

ஆகும். 60 × 72 இருக்க வேண்டியது 52 1/2 × 63 ஆகும். அதற்கு வழி பட்டையில் இருக்கிறது, நாளைக்குப் பேசலாம் என்றேன்.

மார்ச் 8, சனி

பட்டையிலும் வில்லங்கம். பார்டருக்கென்று அக்கா வெளிர்த் துணியில் 4 1/2 அங்குல அகலத்தில் வெட்டிவைத்த ஏழு நீளப் பட்டைகளையும் விரித்தால், ஒவ்வொன்றும் நடுவில் முழங்கை மாதிரி மடங்கியிருக்கிறது. துணியை இரண்டாக மடித்து வெட்டும்போது ஸ்கேல் மடிப்புக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் இப்படித்தான். இழுத்துத் தைத்தால் நேராகிவிடும் என்பார்கள். ஆகாது, போர்வை அலையடிக்கும்.

மடிப்பு இருந்த இடத்தில் நறுக்கிவிட்டேன். இப்போது 21 அங்குலத்தில் 14 துண்டு, ஒவ்வொன்றும் தன்னளவில் நேர். ஓரத்தைச் சீராக்கினால் 2 அங்குல அகலத்தில் இரண்டு பட்டை வரும். பிளாக்குக்குப் பிளாக் நடுவே நிற்க 11 அங்குல நீளம் போதும். அப்படி 28 கிடைக்கும், தேவை 24.

கிடைப் பட்டைக்கு அந்த மீதி நீலம். 19 அங்குலத்தில் 2 அங்குலப் பட்டை ஒன்பது, ஒவ்வொன்றிலும் 11 அங்குலத் துண்டு மூன்று. தேவை 25, வருவது 27. சந்திப்புகளில் வைக்கும் 2 அங்குலச் சின்னச் சதுரங்களுக்குக் கடைசித் துணுக்குகள் போதும். நிற்பது வெளிர், கிடப்பது நீலம். திட்டத்தில் இல்லாத அமைப்பு. எனக்கு முதல் திட்டத்தைவிட இது பிடித்திருக்கிறது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

மொத்தம் 58 1/2 × 70 1/2. பார்டர் கிடையாது. நாலு அங்குல பார்டரோடு அவள் போட்ட 68 × 80 கணக்கில் நீளம், அகலம் இரண்டிலும் ஒன்பதரை அங்குலம் குறைகிறதுதான். சோபாவில் கால்நீட்டிப் போர்த்திக்கொள்ளத் தாராளம்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வந்தாள். கட்டரை மேல்தட்டிலிருந்து இறக்கினோம்.

துண்டுகளைக் குறைப்பதிலும் யோசனை வேண்டும். மூலைச் சதுரத்துக்கு அடுத்தடுத்த இரண்டு பக்கத்தில் மூன்று நூல் எடுத்தால் போதும். பெரிய சதுரத்துக்கும் அப்படியே, முக்கால் அங்குலம். பறவைச் சதுரத்தை மட்டும் நான்கு பக்கமும் சமமாக மூன்று மூன்று நூல் குறைக்க வேண்டும். ஒரே பக்கம் குறைத்தால் பறவை ஓரத்துக்குப் போய், தலை தையலுக்குள் போய்விடும்.

"இதுல ஆறு பறவை படுத்துக்கிடக்குது, அதுவும் என் தப்பா?" என்று கேட்டாள். சதுரம்தானே, திருப்பி வைத்தால் நிற்கும் என்றேன். சிரித்தாள், வந்ததிலிருந்து முதல் தடவையாக.

ஒரு பறவைச் சதுரத்தில் கட்டர் ஓடிக் கீறிய வெட்டு பாதிவரை இருந்தது. பின்னால் ஒட்டுத்துணி வைத்து இஸ்திரி போட்டு மறைப்பார்கள். துவைக்கத் துவைக்க அங்கே பிசிறு எழும் என்பது என் எண்ணம். அந்தக் கீறலையே முழுக்க நீட்டி இரண்டாக வெட்டி, கால் அங்குலத்தில் சேர்த்துத் தைத்தோம். 6 1/2 அகலம் 6 ஆனது. இப்போது வேண்டியது 5 3/4 தானே! பழைய அளவில் இந்தச் சதுரம் குப்பைக்குப் போயிருக்கும். பறவையின் வால் அரை அங்குலம் குட்டை. தெரிந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

மார்ச் 12, புதன்

தைப்பதற்கு முன்னால் மிஷினின் கால் அங்குலத்தைச் சோதித்தோம். 1 1/2 அங்குலப் பட்டை மூன்றைப் பக்கம் பக்கமாகத் தைத்தால் நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் தெரிய வேண்டும். அக்காவுக்கு அரை நூல் குறைந்தது. ஊசியை ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்தியதும் சரியானது. (வெட்டு தப்பாகிவிட்டால் எல்லாரும் வெட்டையே குற்றம் சொல்வார்கள், தையலைச் சோதிக்கவே மாட்டார்கள்.)

நீலச் சதுரங்களுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிக்கொண்டோம். மூலைவிட்டத்தில் வெட்டியதும் அந்த விளிம்பு கிராஸாகிவிடும் (துணியின் இழைகளுக்குச் சாய்வாக), கை பட்டாலே நீளும். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், இழுத்துத் தேய்க்கக் கூடாது. அக்காவின் கை சட்டை தேய்த்துப் பழகிய கை. ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

மார்ச் 22, சனி

முனைத் துண்டுகள் 120-ம் தைத்தாயிற்று. 3 1/8 × 5 3/4-க்குச் சீராக்கும்போது நான்கில் கூர்முனைக்கு மேல் விட வேண்டிய கால் அங்குலம் விடுபட்டு ஒரு நூல்தான் நிற்கிறது. ஸ்கேலின் கோட்டை முனையில் பொருத்தாமல் ஓரத்தில் பொருத்தி வெட்டிவிட்டாள். மாற்றுத் துண்டு கிடையாது.

உயரமும் ஒரு நூல் குறைந்திருக்கிறது, அதனால் அந்தத் தையலையும் ஒரு நூலில் போட்டால் கணக்கு நேராகிவிடும். தையலைச் சின்னதாக வைத்து, விளிம்பில் ஜிக்ஜாக் ஓட்டிவிட்டேன். பறவைச் சதுரத்தின் பக்கம் கால் அங்குலமே இருக்க வேண்டும், ஆகவே விளிம்பையும் விளிம்பையும் சேர்க்காமல் ஒரு நூல் தள்ளி ஊசி குத்தித் தைக்க வேண்டியிருந்தது. இந்த நான்கையும் போர்வையின் வெளி ஓரத்துக்குப் போகவிடாமல், உள்வரிசைகளில் வைத்தோம். போர்வையின் அடுக்குகளைச் சேர்த்துப் போடும் குவில்ட் தையல் பக்கத்திலேயே ஓடிப் பிடித்துக்கொள்ளும்.

ஏப்ரல் 5, சனி

மேல்துணி முடிந்தது. கட்டிலில் விரித்து டேப் வைத்தோம்: அகலம் 58 1/2-க்கும் தையலுக்கு விட்ட அரைக்கும் ஒரு நூல் கூட. நீளம் சரி. கிடை நீலப் பட்டைகளைப் பார்த்துவிட்டு அக்கா, "இதை நான் முதல்லயே நினைச்சேன்" என்றாள். நினைக்கவில்லை. இருக்கட்டும்.

பைண்டிங்குக்கு (ஓரத்தைச் சுற்றித் தைக்கும் பட்டை) மட்டும் புதுத்துணி வேண்டும். சுற்றளவு 258, மூலை மடிப்புக்கும் இணைப்புக்கும் பத்து. 2 1/4 அகலத்தில் ஏழு பட்டை, 15 3/4 அங்குலத் துணி. அரை கஜம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். தானே வெட்டுகிறேன் என்கிறாள். வெட்டட்டும், மடிப்புக்கு ஸ்கேல் செங்குத்தாக இருக்கிறதா என்று முதல் பட்டையை விரித்துப் பார்த்துவிட்டு அடுத்ததை வெட்டச் சொன்னேன்.

"பார்க்காமலா வெட்டுவேன்?" என்றாள்.