பரணிலிருந்து இறங்கிய பென்டியம் 3: படமும் சத்தமும் வந்த கதை

தஞ்சாவூரில் சித்தப்பா வீட்டைக் காலி செய்யும்போது பரணில் அந்த கேபினட் கிடைத்தது. 1999 கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து, சித்தப்பா பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கம்ப்யூட்டர். பென்டியம் 3, 500 மெகாஹெர்ட்ஸ், இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் மதர்போர்டு. கோடை விடுமுறை முழுக்க நானும் தம்பியும் அதில்தான் டூம் விளையாடினோம். "இதைப் போட்டுடவா?" என்று சித்தப்பா கேட்டார். "வேண்டாம் சித்தப்பா, நான் எடுத்துக்கறேன்" என்று பெங்களூருக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

தூசியைத் துடைத்து, பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை நிரல்) பேட்டரியை மாற்றி, ஹார்ட் டிஸ்க் போயிருந்ததால் பழைய 20 ஜிபி டிஸ்க் ஒன்றை மாட்டி விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன் (எஸ்இ) போட்டேன். அதெல்லாம் ஒரு மாலை வேலை. அதற்குப் பிறகுதான் மூன்று வாரம் போனது. திரையில் 640க்கு 480, 16 நிறம். ஐகான்கள் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்தன. சத்தம் சுத்தமாக இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் கேள்விக்குறியோடு "பிசிஐ மல்டிமீடியா ஆடியோ டிவைஸ்" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. பிசிஐ என்பது மதர்போர்டில் கார்டுகளை மாட்டும் ஸ்லாட் வகை.

முதல் தவறு என்னுடையது. கேபினட்டோடு ஒரு சிடி இருந்தது. மேலே மார்க்கரில் "டிஸ்ப்ளே" என்று சித்தப்பாவின் கையெழுத்து. அதை நம்பி, விண்டோஸ் "இது பொருந்தாமல் போகலாம்" என்று எச்சரித்தும் கேட்காமல், பட்டியலில் இருந்த ஒரு டிரைவரை (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) கட்டாயப்படுத்திப் போட்டேன். ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் லோகோ வந்தது, அப்புறம் வெறும் கறுப்பு. சித்தப்பாவிடம் போனில் கேட்டபோதுதான் தெரிந்தது: அந்த சிடி முதலில் இருந்த கார்டுக்கு உரியது. ஒரு வருடம் கழித்து கார்டை மாற்றியிருக்கிறார்.

எஃப்8 அழுத்தி, குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் போனேன். அங்கே டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் டிஸ்ப்ளே அடாப்டரில் இரண்டு பெயர்கள் இருந்தன. விண்டோஸ் 98இல் இது முக்கியமான விஷயம். சாதாரண மோடில் கண்ணில் படாத பழைய பதிவுகளெல்லாம் சேஃப் மோடில்தான் வெளியே தெரியும். இரண்டையும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடி 16 நிறம். அதைப் பார்த்ததே எனக்கு அன்று பெரிய நிம்மதி.

சரி, இனி ஊகம் வேண்டாம், கார்டில் என்ன சிப் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம் என்று முடிவு செய்தேன். கிராபிக்ஸ் கார்டின் சிப்மேல் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் ஒட்டியிருந்தது. அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் முதல் ஓரிரு நொடி கார்டு தன் பெயரைத் தானே திரையில் காட்டும். ஆனால் பழைய சிஆர்டி (பிக்சர் டியூப்) மானிட்டர் சூடாகி வெளிச்சம் வருவதற்குள் அந்த வரி மறைந்துவிடுகிறது. நான்கைந்து முறை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்த பிறகுதான் உறைத்தது: மானிட்டர் சூடாக இருக்கும்போது ரீசெட் பட்டனை அழுத்தினால் போதும். அழுத்தினேன். இடது மேல் மூலையில் தெளிவாக டிஎன்டி2 மாடல் 64 என்று வந்தது.

அதோடு விடவில்லை. மெமரி எண்ணி முடித்து, விண்டோஸ் தொடங்குவதற்குச் சற்றுமுன் பயாஸ் ஒரு பட்டியலைக் காட்டும். அந்த நேரத்தில் பாஸ் (Pause) விசையை அழுத்தினால் திரை அப்படியே நிற்கும். ஒவ்வொரு பிசிஐ கார்டுக்கும் இரண்டு எண்கள்: முதலாவது சிப் தயாரித்த நிறுவனத்துக்கு, இரண்டாவது அந்தச் சிப்புக்கு. 8086 என்றால் இன்டெல். 10டிஇ என்றால் என்விடியா, பக்கத்தில் 002டி, அதாவது அதே டிஎன்டி2 மாடல் 64. மூன்றாவது வரியில் 1073, 0004. அது யமஹா ஒய்எம்எஃப்724. கேள்விக்குறி போட்டு நின்ற சவுண்ட் கார்டு அதுதான். இதே எண்கள் விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரிஜிஸ்ட்ரியிலும், லோக்கல் மெஷின் பிரிவில் Enum என்பதன் கீழ் பிசிஐ என்ற இடத்தில் இருக்கும். பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டுகிறவர்கள் கையில் ஒரு தாள் வைத்து இந்த எண்களை எழுதிக்கொண்டுதான் டிரைவர் தேடவே உட்கார வேண்டும் என்பேன். பெட்டி, சிடி, ஸ்டிக்கர் எல்லாம் மாறிப் போயிருக்கும். சிப்புக்குள் இருக்கும் எண் மாறாது.

டிரைவர்களை லேப்டாப்பில் இறக்கியாயிற்று. பழைய கம்ப்யூட்டருக்குள் எப்படிக் கொண்டுபோவது? 98க்குப் பென் டிரைவ் என்றால் என்னவென்று தெரியாது, அதற்கே தனி டிரைவர் வேண்டும். சிடி எழுதினேன். கையில் இருந்தது அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வகை. அதன் ஒளிப்பிரதிபலிப்பு குறைவு என்பதால் பல பழைய டிரைவ்கள் அதைப் படிக்காது. என்னுடையதும் படிக்கவில்லை. ஒருமுறை மட்டும் எழுதும் சாதாரண சிடி ஒன்றைத் தேடி வாங்கி, மெதுவான வேகத்தில் எழுதினேன். படித்தது. அப்படியே விண்டோஸ் சிடியில் உள்ள வின்98 ஃபோல்டரையும் சி டிரைவுக்குள் காப்பி செய்துவிட்டேன். ஒவ்வொரு டிரைவருக்கும் விண்டோஸ் தன் சிடியைக் கேட்கும். இப்படி வைத்துவிட்டால் அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும்.

440பிஎக்ஸ் சிப்செட்டை 98 எஸ்இ தானாகவே அடையாளம் கண்டுகொண்டதால் அங்கே வேலை இல்லை. கிராபிக்ஸ் டிரைவரில், கார்டின் காலத்தை ஒட்டி வந்த ஒரு பழைய பதிப்பையே எடுத்தேன். ரீஸ்டார்ட். 800க்கு 600, 32 பிட் நிறம். பிறகு ரெஃப்ரெஷ் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை திரை வரையப்படுகிறது என்பதை) 85 ஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அதுவரை கண்ணோரத்தில் துடித்துக்கொண்டே இருந்த வெள்ளைத் திரை சட்டென்று அமைதியானது. அந்த ஒரு கணத்துக்காகவே சிஆர்டி வைத்திருக்கலாம். 98 எஸ்இயோடு வரும், விளையாட்டுகளுக்கான டைரக்ட்எக்ஸ் 6.1க்கு மேல் 7ஐப் போட்டு, சோதனையில் கனசதுரம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு எழுந்தேன்.

சத்தம்தான் என்னை உண்மையில் கட்டிப்போட்டது. யமஹா கார்டுக்கு இரண்டு வகை டிரைவர்கள் உண்டு: விஎக்ஸ்டி, டபிள்யூடிஎம். பின்னது புதியது என்று அதைத்தான் போட்டேன். விண்டோஸ் தொடக்க இசை வந்தது, பாட்டு ஓடியது. டூமைத் திறந்தால் நான் எதிர்பார்த்த இசை இல்லை. டூம் 1993இல் வந்த டாஸ் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்டும் பழைய இயங்குதளம்) விளையாட்டு. அது சவுண்ட் பிளாஸ்டர் என்ற பழைய சவுண்ட் கார்டைத்தான் தேடும்: போர்ட் 220 (கார்டின் முகவரி), ஐஆர்க்யூ 5 (ப்ராசஸரைக் கூப்பிடும் இன்டரப்ட் எண்), டிஎம்ஏ 1 (மெமரியிலிருந்து நேராகத் தகவல் எடுக்கும் வழி). யமஹா சிப்புக்குள் பழைய ஓபிஎல்3 இசைப்பகுதி நிஜமாகவே இருக்கிறது. அதை டாஸ் விளையாட்டுகளுக்குத் திறந்துவிடுவது விஎக்ஸ்டி டிரைவர்தான். பழையபடி சேஃப் மோட், எல்லாவற்றையும் நீக்கு, விஎக்ஸ்டியைப் போடு. இந்த முறை டிவைஸ் மேனேஜரில் லெகசி சவுண்ட் சிஸ்டம் என்று கூடுதலாக ஒரு வரி வந்தது. ஐஆர்க்யூ 5ஐ லேன் கார்டு பிடித்துவைத்திருந்தது. பயாஸில் 5ஐ லெகசி ஐஎஸ்ஏவுக்கு (பிசிஐக்கு முந்தைய ஸ்லாட் வகை) ஒதுக்கியதும் லேன் கார்டு வேறு எண்ணுக்குப் போய்விட்டது.

விண்டோஸுக்குள் டூம் முழுச் சத்தத்தோடு ஓடியது. ஆனால் நாங்கள் விளையாடியது சுத்தமான டாஸில். அங்கே போய், யமஹாவின் டாஸ் நிரலை ஓட்டி டூமைத் தொடங்கினால் இசை மட்டும் வந்தது. துப்பாக்கி சுட்டால் மௌனம். சவுண்ட் பிளாஸ்டர் பதில் தரவில்லை என்று தொடக்கத்தில் ஒரு வரி ஓடி மறைந்தது.

காரணத்தைப் புரிந்துகொள்ள இரண்டு இரவு ஆனது. ஓபிஎல்3 உருவாக்கும் எஃப்எம் இசைக்கு போர்ட்டில் எண்களை எழுதினாலே போதும். துப்பாக்கிச் சத்தம் பதிவு செய்த ஒலி. அது மெமரியிலிருந்து கார்டுக்கு டிஎம்ஏ வழியாகப் போக வேண்டும். ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் அதற்கான கம்பிகள் இருந்தன, பிசிஐயில் இல்லை. அதனால்தான் அந்தக் காலத்து 440பிஎக்ஸ் போர்டுகள் பலவற்றில் எஸ்பி-லிங்க் என்று ஒரு சின்ன இணைப்பு வைத்தார்கள். டிஎம்ஏ கேட்கவும் கொடுக்கவும் இரண்டு கம்பி, இன்டரப்ட்டுக்கு ஒன்று.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பிசிஐ ஸ்லாட் ஓரத்தில் ஆறு பின் வைக்கும் இடம், ஒன்று இல்லாமல் ஐந்து பின். பக்கத்தில் வெள்ளை எழுத்தில் எஸ்பி-லிங்க். சவுண்ட் கார்டிலும் அதேபோல் ஐந்து. இருபத்தைந்து வருடமாக இரண்டும் எதிரெதிரே சும்மா நின்றிருக்கின்றன. கேபிள் கிடைக்கவில்லை. பையனின் ஆர்டுயினோ பெட்டியிலிருந்து ஜம்பர் ஒயர் ஐந்து எடுத்தேன். மதர்போர்டு கையேட்டின் பின் வரைபடத்தையும் கார்டின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக, பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு மாட்டினேன். திருப்பி மாட்டிவிட்டால் என்ன எரியும் என்று தெரியாததால் மூன்று முறை சரிபார்த்தேன்.

ஆன் செய்து டாஸுக்குப் போய் டூமைத் தொடங்கினேன். இசை வந்தது. கன்ட்ரோல் விசையைத் தட்டினேன்.

சுட்டது.

தம்பி துபாயில் இருக்கிறான். அங்கே இரவு பத்தரை. போன் போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தேன். சில நொடி அவன் எதுவும் பேசவில்லை. அப்புறம், "அண்ணா, ஓடுதா அது?" என்றான். "ஓடுதுடா" என்றேன்.

"அந்தக் கதவு திறக்கிற சத்தம் இருக்குமே, அதைப் போடுண்ணா."

முதல் அறையைத் தாண்டி நடந்து, கதவின் முன் நின்று, ஸ்பேஸ் விசையை அழுத்தினேன்.