மலை வண்டி வேண்டாம் என்றார் மெக்கானிக் அண்ணன்

என்னிடம் ஒரு பழைய ஃபோர்டு ஐகான் 1.6 இருக்கிறது. மறைமலைநகரில் செய்த வண்டி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சேலம் அஸ்தம்பட்டியில் கிளம்பி, கோரிமேடு தாண்டி, மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைக் கடந்து, அடிவாரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு இரண்டாவது கியரில் ஏற்காடு மலை ஏறுவதுதான் என் வாரத்தின் நல்ல நேரம். இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் அந்த எஞ்சின் எழுப்பும் சத்தம் எனக்குத் தெரியும். பெட்ரோல் வண்டி மேல் எனக்கு இருக்கிற பிரியம் குறையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழைய மின்சாரக் கார் தேடியதே அந்த ஐகானைக் காப்பாற்றத்தான். வீட்டிலிருந்து கடைக்கு நாலு கிலோமீட்டர், மதியம் சாப்பாட்டுக்கு வர நாலு, மறுபடி போக நாலு, ராத்திரி வீடு திரும்ப நாலு என்று ஓட்டினால் எஞ்சின் ஆயில் சூடாகும் முன்பே வண்டியை நிறுத்திவிடுகிறோம். உள்ளே படியும் ஈரம் ஆவியாகிப் போக நேரமில்லை, ஆயில் கெடுகிறது, சைலன்சர் உள்ளிருந்தே அரிக்கிறது. பழைய எஞ்சினை அதிகம் ஓட்டி யாரும் கொல்வதில்லை, இப்படித் துண்டு துண்டாக ஓட்டித்தான் கொல்கிறோம். அந்த வேலையை வேறொரு வண்டி செய்யட்டும் என்று நினைத்தேன்.

புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம்தான். ஆனால் பழைய வண்டி பைத்தியம் பிடித்தவனுக்குக் கதை உள்ள வண்டி வேண்டும். நம் ஊர்ப் பக்கம் மின்சாரக் காருக்கு அப்படி ஒரு கதை இருக்கிறது. 1993-லேயே கேரளத்துச் சாலக்குடிக்காரர்கள் லவ்பேர்ட் என்று ஒரு இரண்டு பேர் காரைக் கொண்டுவந்தார்கள், கோயம்புத்தூரிலும் செய்தார்கள். நான் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. அப்புறம் 2001-இல் பெங்களூரில் சேத்தன் மைனியின் ரேவா. லண்டன் வீதிகளில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியதும் அதே வண்டிதான். 2010-இல் மஹிந்திரா அந்தக் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கி, 2013-இல் ஈ2ஓ என்று இரண்டு கதவு, நாலு சீட், லித்தியம் பேட்டரியோடு ஒன்றை விட்டது. மூன்று வருடம் கழித்து அதிலேயே நாலு கதவு. 2019-இல் ஹூண்டாய் கோனா. இவ்வளவுதான் என் பட்டியல்.

முதலில் பார்த்தது ரேவா. சேலத்திலேயே ஒரு வீட்டு போர்டிகோவில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். சீட்டுக்கு அடியில் ஆறு வோல்ட் பேட்டரி எட்டு, வரிசையாக, மொத்தம் 48 வோல்ட். நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற அதே ஈய அமில ரகம்தான், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். பல வருடம் சும்மா நின்றதில் எட்டும் வீங்கி, டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருந்தது. ஆனால் பாடி பிளாஸ்டிக், உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம், துரு என்பது வெளியில் ஒரு புள்ளிகூட இல்லை. அரை மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நல்ல பேட்டரியே போட்டாலும் மூன்று, நாலு வருடத்துக்கு ஒருமுறை எட்டையும் மாற்ற வேண்டும் என்பதால் மனசில்லாமல் விட்டுவிட்டேன்.

அடுத்தது, பட்டியலில் இல்லாத ஒன்று, கான்ட்ராக்டில் ஓடிய ஒரு மின்சார செடான். கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு வண்டியுடையது இல்லை, வைத்திருந்த விதம். கழுவி பாலிஷ் போட்டு, புது சீட் கவரோடு பளபளவென்று நின்றது. நான் கையோடு ஒரு பிளக் மீட்டர் கொண்டு போயிருந்தேன். சாக்கெட்டுக்கும் சார்ஜருக்கும் நடுவில் மாட்டினால் எத்தனை யூனிட் உள்ளே போகிறது என்று காட்டும் சின்னப் பெட்டி. இருபது சதவீதத்திலிருந்து நூறு வரை ஏற்றச் சொல்லி, சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். போன யூனிட்டில் சார்ஜர் சூடாகி வீணாக்குவதற்கு ஏழில் ஒரு பங்கு கழித்து, மிச்சத்தை 80 சதவீதத்துக்கு உரியது என்று வைத்துக் கணக்குப் போட்டால், புதிதில் இருந்த கொள்ளளவில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வந்தது. மீட்டர் போர்டு மட்டும் நூறு என்றே காட்டியது. பாதியாகச் சுருங்கிய குடமும் நிறைந்தால் நூறுதான் காட்டும், அதை நம்பி யாரும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

வண்டி எங்கே நின்றது என்று விசாரித்தேன். கூரையில்லாத யார்டில், வெயிலில், வருடக்கணக்காக. சேலத்துச் சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பள்ளியில் படித்திருப்போம், லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் கெடுவதும் ஒரு வேதிவினைதான். ஓடினால்தான் தேயும் என்பது எஞ்சினுக்குப் பொருந்தும். பேட்டரி நின்ற இடத்திலேயே வயசாகிறது, சூட்டில் நின்றால் சீக்கிரம் வயசாகிறது, அதிலும் முழுச் சார்ஜோடு சூட்டில் நின்றால் இன்னும் சீக்கிரம். எனக்கு அன்றைக்குத்தான் இது மண்டையில் ஏறியது. இத்தனை வருடமாக ஓடோமீட்டரைப் பார்த்துப் பழகிய கண், இனிமேல் வண்டி எங்கே படுத்துத் தூங்கியது என்று பார்க்க வேண்டும்.

கோனாவைப் பற்றி ஒரு வார்த்தை. 39.2 யூனிட் பேட்டரி, 136 பி.எஸ்., 395 நியூட்டன் மீட்டர் டார்க். நம் ஊரில் அரிதான வண்டி. ஐந்து ரோடு பக்கம் ஒருவர் ஓட்டக் கொடுத்தார், சிக்னலில் மிதித்தபோது முதுகு சீட்டில் ஒட்டிய மாதிரி என் ஐகான் ஒரு நாளும் செய்ததில்லை. விலை என் கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் ஒன்று மட்டும் பாருங்கள்: 2020 கடைசியில் பேட்டரி சம்பந்தமாக இங்கே 456 கோனாக்களைத் திரும்ப அழைத்தார்கள், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்போதுதான் ஏற்காட்டிலிருந்து ஒரு தகவல். காபி தோட்டத்து வீட்டில் ஒரு பெரியவர் 2014 ஈ2ஓ வைத்திருக்கிறார், மகனோடு போய் இருக்கப் போவதால் கொடுத்துவிடுகிறார் என்று. சேலம் குகைப் பகுதியில் இருக்கும் என் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். இருபது வருடமாக என் வண்டிகளைப் பார்க்கிறவர், அவரைக் கேட்காமல் நான் ஒரு ஸ்பார்க் பிளக் கூட வாங்கியதில்லை.

"மலை வண்டியா? வேண்டாம் தம்பி. கிளட்ச் போயிருக்கும், பிரேக் போயிருக்கும், எஞ்சின் ஃபர்ஸ்ட் செகண்டுலயே ஓடி ஓடி ஓஞ்சிருக்கும். மலை வண்டி எவ்ளோ கம்மி விலைன்னாலும் நான் வாங்க விடமாட்டேன்."

பெட்ரோல் வண்டிக்கு இது நூற்றுக்கு நூறு சரி. நானே நாலு பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று ராத்திரி படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக யோசித்தேன். கிளட்ச் இந்த வண்டியில் கிடையாது. பிரேக்? இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது, கட்டை அதிகம் தேயாது. எஞ்சின் இல்லை. மிச்சம் இருப்பது பேட்டரி ஒன்றுதான், அது 1,500 மீட்டர் உயரத்தில், கோடையிலும் முப்பது டிகிரியைத் தாண்டுவதே அரிதான ஊரில் இத்தனை வருடம் தூங்கியிருக்கிறது. உறைபனியில் சார்ஜ் ஏற்றினாலும் லித்தியம் கெடும், ஏற்காட்டில் அந்த அளவுக்குக் குளிரும் இல்லை. அப்படியென்றால் பெட்ரோலுக்கு எது ஆகாத இடமோ அதுவே மின்சாரத்துக்கு ராசியான இடம். விடியும் வரை தூக்கம் வரவில்லை.

அண்ணனையும் ஐகானில் ஏற்றிக்கொண்டு போனேன். பன்னிரண்டாவது வளைவுக்கு மேலே வழக்கம்போல எஞ்சின் கொஞ்சம் சோர்ந்தது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் வீதம் சக்தி குறையும், காற்று மெலிந்துவிடுகிறது, ஏற்காடு போய்ச் சேரும்போது கடல் மட்டத்தில் இருந்ததில் பதினைந்து சதவீதம் அளவு காணாமல் போயிருக்கும். மோட்டாருக்குக் காற்றோடு வேலையே இல்லை. இதை அண்ணனிடம் சொன்னேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க தம்பி, காபி குடிச்சிட்டு அப்புறம் வண்டியைப் பாருங்க" என்றார், அவர் தோட்டத்துக் காபிதான். வண்டி ஓட்டுக்கூரை ஷெட்டில் நின்றது. வெள்ளை நம்பர் பிளேட், மின்சார வண்டிக்குப் பச்சை பிளேட் என்ற விதி வந்தது 2018-இல் என்பதால் அது சரிதான். ஓடியது 31,000 கி.மீ. சந்தைக்கு, ஏரிப் பக்கம், சர்ச்சுக்கு, வாரம் ஒருமுறை சேலம் ஆஸ்பத்திரிக்கு.

"ராத்திரி ஃபுல் சார்ஜ் போடுவீங்களா ஐயா?" என்று கேட்டேன். என் மனசில் இருந்த பெரிய பயம் அதுதான்.

"ஆரம்பத்துல போட்டேன். ஃபுல்லா இருந்தா இறக்கத்துல வண்டி பிடிக்கவே மாட்டேங்குது, பிரேக்கை அழுத்திக்கிட்டே போகணும். அதனால முக்கால்வாசியில பிடுங்கிடுவேன்."

நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது, அதனால் முழுச் சார்ஜில் இருந்தால் இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தை ஏற்க இடமில்லை, மோட்டார் பிடிக்காது. இதை அவராகவே கண்டுபிடித்து, பிரேக்குக்காகச் செய்த பழக்கம், அவருக்குத் தெரியாமலே பேட்டரியின் ஆயுளையும் காத்திருக்கிறது. எனக்கு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்க முயன்றேன், விலை பேச வேண்டும் அல்லவா.

மலையில் நின்ற வண்டிக்கு வேறு குறைகள் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மூடுபனி ஈரத்தில் இரண்டு கனெக்டரில் பச்சை பிடித்திருந்தது. பின்சீட்டுக்கு அடியில் எலி ஒயரைக் கடித்து, யாரோ டேப் சுற்றியிருந்தார்கள். பன்னிரண்டு வோல்ட் சின்ன பேட்டரி முடிந்துவிட்டது, டயர் நாலும் வெடிப்பு. அண்ணன் சக்கரத்தைக் கழற்றி பிரேக் கட்டையைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது, டிஸ்க்கில்தான் அதிகம் உபயோகிக்காததால் மேலாகத் துரு. எமரி பேப்பர் கேட்டார், தேய்த்தார், ஒன்றும் பேசாமல் மாட்டினார்.

பிறகு இறக்கம். சேலம் 278 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். நானும் அண்ணனும் ஏறினால் வண்டி எடை ஒரு டன்னை ஒட்டி வரும், அந்த எடையை இவ்வளவு உயரம் தூக்க மட்டும் ஏறக்குறைய 3.4 யூனிட் செலவாகும், அதில் ஒரு பங்கு இறங்கும்போது திரும்பக் கிடைக்க வேண்டும். 70 சதவீதத்தில் கிளம்பினோம். 'ஏறின கியரிலேயே இறங்கு' என்று பழகிய காலும் கையும் முதல் இரண்டு வளைவு வரை கியரைத் தேடின. அப்புறம் பழகிவிட்டது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகவே தயங்குகிறது, வளைவுக்கு முன்னால் மட்டும் லேசாக பிரேக். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். எஞ்சின் சத்தம் இல்லாததால் இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த ரோட்டில் குருவிச் சத்தமும், எதிரே வரும் பஸ் இரண்டு வளைவு கீழே திணறுவதும் காதில் விழுந்தது. அடிவாரத்தில் எந்த வண்டி இறங்கி வந்து நின்றாலும் கருகிய பிரேக் வாசனை அடிக்கும். அண்ணன் இறங்கி, குனிந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் முகர்ந்து பார்த்தார். மீட்டரில் 78.

"டீ சொல்லு தம்பி" என்றார்.

இது வேகமான வண்டி இல்லை, 19 கிலோவாட் மோட்டார்தான், ஏற்றத்தில் பொறுமையாகத்தான் போகும். புதிதில் ஒரு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டர் என்றார்கள், எனக்கு சேலம் டவுனுக்குள் ஏசி இல்லாமல் எழுபதைத் தாண்டிப் போகிறது, ஏசி போட்டால் அறுபதை ஒட்டி. பதினாறு கிலோமீட்டர் தினமும் ஓட்டுகிறவனுக்கு இது தாராளம். உற்பத்தி நின்றுபோன வண்டி என்பதால், பணம் கொடுக்கும் முன் சர்வீஸில் போய் எந்தெந்தப் பாகம் கிடைக்கும் என்று ஒரு நாள் செலவழித்துக் கேட்டேன், நீங்களும் கேளுங்கள். இனி வெயிலில் நிறுத்துவதில்லை என்று வீட்டுப் பக்கச் சந்தில் கீற்றுக் கொட்டகை போட்டாயிற்று, ஐகான் வெளியே கவர் போட்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மட்டும் அதன் முறை.

இப்போதைக்குத் தேவைப்படுவது வலது கதவுக்கு ரப்பர் பீடிங். மழையில் உள்ளே சொட்டுகிறது. ஊட்டி, கொடைக்கானல், ஏலகிரி என்று மலைப்பக்கம் யாரிடமாவது பழைய ஈ2ஓ நின்றுகொண்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அண்ணனே வந்து பார்க்கிறேன் என்கிறார்.