சோளிங்கரில் இரண்டு முழம் துளசி

தம்பியின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமையில் சோளிங்கர் யோக நரசிம்மரின் பெரிய மலைக்குப் படியேறி வருவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். முடிந்தது. ஆனால் அம்மாவின் முழங்கால் 1,305 படிகளுக்கு இடம் கொடுக்கவில்லை. 2024-லேயே ரோப் கார் வந்துவிட்டதே என்றேன். "வேண்டுதல் படிக்குத்தான், பெட்டிக்கு இல்லை" என்று சொல்லி, தானே கட்டிய துளசி மாலையை என் பையில் வைத்தாள்.

வேலூரிலிருந்து விடியற்காலை பஸ். சோளிங்கர் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம்; அம்மாவுக்கு இன்னும் வட ஆற்காடுதான். அடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டை நெஞ்சில் இடிப்பவர்களையும், "ஐந்நூறு கொடுங்கள், நேராக சந்நிதி" என்று காதைக் கடிப்பவர்களையும் தப்பித்து ஏறினேன். குரங்கிடம் தப்பவில்லை. பாதி மலையில் தேங்காய், பழம், துளசி, எல்லாம் பையோடு போயிற்று.

மேலே வரிசையில் பின்னாலிருந்து ஒரு முழங்கை விலாவில் குத்திக்கொண்டே இருந்தது. பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பாட்டி. "கொஞ்சம் பொறுங்களேன்" என்று கடுகடுத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. என் கையைப் பார்த்தார். "வெறுங்கையோடா போகிறாய், கண்ணு?" தம்பிக்கான வேண்டுதலையும் குரங்குக் கதையையும் சொன்னேன். மடியிலிருந்த மாலையை எடுத்தார். நாலு முழம் இருக்கும், பேத்திக்கான வேண்டுதலாம். வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் நாரைப் பல்லால் கடித்து இரண்டாக்கிவிட்டார்.

சந்நிதியில் "நகருங்கள், நகருங்கள்" என்று தள்ளினார்கள். கார்த்திகையில் கண் திறந்து பார்க்கிறவர் முன்னால் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. அப்போது அதே முழங்கை பின்னால் வந்த கூட்டத்தைத் தடுத்து நின்றது. "தம்பி பெயரைச் சொல், கண்ணு, நட்சத்திரமும் சொல்!" சொன்னேன். துளசியைப் பட்டர் வாங்கிக்கொண்டார். யோக நரசிம்மர் தெரிந்தார். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். கடிகாசலம் என்னும் இந்த மலையில் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், இருந்தாலே முக்திக்குப் போதும் என்பார்கள்; எனக்கு அதில் நூறில் ஒரு பங்கு கிடைத்திருக்கும். நிறைந்துவிட்டது, அப்பனே, நிறைந்துவிட்டது.

தாயாரைச் சேவித்துத் திரும்பினால் பாட்டியைக் காணோம். சின்ன மலையில் ஆஞ்சநேயரிடம் தேடுவோம் என்று அந்த 406 படிகளையும் ஏறினேன். அங்கும் இல்லை. பேத்தியின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே!

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன், நான் கடுகடுத்ததைத் தவிர. அம்மா பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த கார்த்திகைக்கு ஆறு முழம் கட்டுவாளாம், குரங்குக்கும் சேர்த்து.