சிரிப்பு வரும் இடத்தில் கணக்கு: புள்ளியியல் வகுப்பு நாட்குறிப்பு

ஜூலை 2

"உலகத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் சராசரியைவிட அதிகக் கால்கள் இருக்கின்றன." ஆய்வு முறையியல் வகுப்பின் முதல் நாளான இன்று, பாடத்திட்டத்தை எடுப்பதற்கு முன்பே இந்த வரியைப் பலகையில் எழுதிவிட்டுத் தள்ளி நின்றேன். முதலில் அமைதி. அப்புறம் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "மேடம், ஒரு கால் இல்லாதவர்களும் இருக்கிறார்களே, அதனாலா?" என்று கேட்டார். அதேதான். ஒரு காலோடு, காலே இல்லாமல் என்று சிலர் இருக்கிறார்கள். மூன்று காலோடு இருப்பவர்கள் அநேகமாக இல்லை. அதனால் சராசரி இரண்டுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டு கால் உள்ள அத்தனை பேரும் சராசரிக்கு மேலே போய்விடுகிறார்கள்.

இந்த ஒரு வரியிலேயே சராசரி, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது), முகடு (அதிகத் தடவை வருவது) மூன்றும் வந்துவிட்டன. இடைநிலையும் இரண்டு, முகடும் இரண்டு. சராசரி மட்டும் ஒரு பக்கம் சாய்கிறது. "இதே வேலையை எதிர்ப்பக்கம் செய்யும் தகவல் எது?" என்று கேட்டதும் "வருமானம்" என்றார்கள். சில பெரும் பணக்காரர்கள் சராசரியை மேலே இழுக்க, பெரும்பாலோர் அதற்குக் கீழே நிற்பார்கள். இந்தச் சாய்வைக் குறிக்கும் கோட்டம் என்ற சொல்லை நான் அதற்குப் பிறகுதான் எழுதினேன்.

என்னிடம் வருபவர்களில் பலர் சமூகப் பணி, கல்வியியல், செவிலியர் படிப்பு என்று கணக்கை விட்டு விலகி வந்தவர்கள். ஆய்வேடு எழுத வேண்டும் என்பதால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பயத்தை அளப்பதற்கென்றே 1985இல் ஒரு வினாநிரல் உருவானது. பயத்தை ஆறு கூறுகளாகப் பிரிக்கும் அந்த அளவுகோலில், உதவி கேட்கப் பயப்படுவது ஒரு கூறு. புள்ளியியல் ஆசிரியரைக் கண்டு பயப்படுவது இன்னொன்று. அந்த இரண்டையும் முதல் வாரத்திலேயே உடைத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. சேர்ந்து சிரித்த ஆளிடம் சந்தேகம் கேட்பது சுலபம்.

ஜூலை 4

வகுப்பில் சொல்லும் நகைச்சுவையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு ஒரே சோதனைதான். சிரிப்பு வரும் இடமும் பாடத்தின் கருத்து இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்று புள்ளியியலாளர்கள் வேட்டைக்குப் போன கதை இதில் தேறிவிடும். முதல் ஆள் சுட்டார், குண்டு மானுக்கு ஒரு மீட்டர் இடப்பக்கம் போனது. இரண்டாவது ஆள் சுட்டார், ஒரு மீட்டர் வலப்பக்கம். மூன்றாவது ஆள் துப்பாக்கியைத் தொடவே இல்லை. "விழுந்துவிட்டது!" என்று குதித்தார். சராசரி குறியில்தான் இருக்கிறது. பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன, ஆனால் சிதறல் அப்படியே நிற்கிறது. கதை முடிந்ததும் "மானுக்கு முக்கியம் எது, சராசரியா சிதறலா?" என்று கேட்டால் போதும், சிதறலை அளக்கும் திட்ட விலக்கத்துக்கு வழி பிறந்துவிடும்.

பாடத்துக்கு நடுவில் இளைப்பாறச் சொல்லும் துணுக்குகள் என் வகுப்பில் கிடையாது. கணக்கு வராதவரைக் கேலி செய்யும் துணுக்கும் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே பயந்து உட்கார்ந்திருப்பவர் அதைத் தன்னைப் பற்றியது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

ஜூலை 9

கருதுகோள் சோதனை. ஆண்டுதோறும் பலர் தடுக்கி விழும் இடம் இது. "இன்மை கருதுகோளை நிராகரிக்கத் தவறுகிறோம்" என்ற வாக்கியத்தைப் பார்த்த உடனே முகங்கள் மூடிக்கொள்ளும். அதனால் இன்று ஒரு கோப்பைத் தேநீரிலிருந்து ஆரம்பித்தேன்.

1920களின் தொடக்கம், இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம். பாசிகளை ஆராயும் மியூரியல் பிரிஸ்டல் என்ற விஞ்ஞானிக்குத் தேநீர் கொடுக்கிறார்கள். பாலை முதலில் ஊற்றியதா, தேநீரை முதலில் ஊற்றியதா என்று குடித்தே சொல்லிவிட முடியும் என்கிறார் அவர். எதிரில் இருப்பவர் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். இப்படி ஒரு பேச்சைச் சிரித்துக் கடந்துவிடுவதுதான் வழக்கம். ஃபிஷர் அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டார். 1935இல் அவர் எழுதிய நூலில், சோதனை வடிவமைப்பை விளக்க இந்தத் தேநீரைத்தான் உதாரணமாக எடுக்கிறார்.

எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். எது எது என்று தெரியாதபடி கலைத்து வைத்தாகிவிட்டது. நான்கும் நான்கும் என்பது மட்டும் குடிப்பவருக்குத் தெரியும். "அவருக்கு எந்தத் திறமையும் இல்லை, சும்மா ஊகிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்," என்றேன். இன்மை கருதுகோள் அவ்வளவுதான். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. முற்றிலும் சரியானது அதில் ஒன்றே ஒன்று. வெறும் ஊகத்தில் எல்லாமே சரியாக அமைய 70இல் 1, அதாவது சுமார் 1.4 சதவீதம். அது நடந்துவிட்டால் "சும்மா ஊகிக்கிறார்" என்று தொடர்ந்து சொல்வது கடினம்.

நான்கில் மூன்று சரி என்றால்? "முக்கால்வாசி சரி, நல்ல மதிப்பெண்தானே மேடம்" என்றார் ஒருவர். கணக்குப் போடச் சொன்னேன். அப்படி அமைய 16 வழிகள். முற்றிலும் சரியானதையும் சேர்த்தால் 17. எழுபதில் பதினேழு என்பது ஏறக்குறைய 24 சதவீதம். "அப்போ கண்ணை மூடிக்கிட்டு அடிச்சாலே நாலுல ஒரு ஆள் தேறிடுவாரா!" வகுப்பே சிரித்தது. வெறும் ஊகத்திலேயே இவ்வளவு நல்ல முடிவோ இதைவிட நல்ல முடிவோ அமையும் வாய்ப்புதான் பி மதிப்பு. நான் வரையறை எழுதுவதற்கு முன்பே அவர் அதைச் சொல்லிவிட்டார். வழக்கமாக இதை அவர்கள் மனப்பாடம் செய்துவிட்டுத் தலைகீழாக எழுதுவார்கள். இன்மை கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு என்று. அந்தத் தவறு இன்று ஒரு தாளிலும் இல்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஜூலை 11

நாணயம் சுண்டினோம். ஆளுக்கு ஐந்து முறை. ஐந்தும் தலை விழுந்தவர் எழுந்து நிற்க வேண்டும். எழுந்தவரை மேடைக்கு அழைத்து, இன்னொரு மாணவி பேட்டி எடுத்தார். "இந்த வெற்றிக்குப் பின்னால் இருக்கும் பயிற்சி என்ன? விரலை எப்படி வைத்தீர்கள்?" அவரும் சளைக்காமல் பதில் சொன்னார்.

ஒரு ஆளுக்கு ஐந்தும் தலையாக விழும் வாய்ப்பு 32இல் 1. சுமார் 3 சதவீதம், "இது தற்செயல் இல்லை" என்று சொல்ல ஆய்வுகளில் வழக்கமாக வைக்கும் 5 சதவீத எல்லைக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆனால் நாற்பது பேர் சுண்டினால் ஒருவராவது இப்படி எழுந்து நிற்கும் வாய்ப்பு 72 சதவீதம். அந்த ஒருவரை மட்டும் பேட்டி எடுத்தால் அவர் நாணயக் கலைஞர் ஆகிவிடுவார்.

அப்புறம் சால்மன் மீனைக் காட்டினேன். 2009இல் கிரெய்க் பென்னட்டும் அவருடைய சகாக்களும் ஒரு சால்மனை மூளை ஸ்கேன் இயந்திரத்துக்குள் வைத்து, மனிதர்கள் பழகும் படங்களைக் காட்டி, படத்தில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்று மீனிடம் கேட்டார்கள். மீன் செத்த மீன். ஆனாலும் திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளையில் சில புள்ளிகள் "செயல்பட்டன". ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தால் சில தற்செயலாக ஒளிரத்தான் செய்யும். பல சோதனைகளுக்கான திருத்தத்தைப் போட்டதும் எல்லாம் அணைந்துவிட்டன. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2012இல் இதற்குக் கிடைத்தது. மூளைப் படிம ஆய்வுகளில் ஒரு பகுதி அப்போது இந்தத் திருத்தத்தைச் செய்யாமலேயே வெளிவந்துகொண்டிருந்தது. நீண்ட எச்சரிக்கைக் கட்டுரைகளைவிட இந்த மீன் வேகமாகப் பரவியது என்று நான் நம்புகிறேன்.

ஜூலை 16

சின்ன வகுப்பு. ஒரு தரவுத் தொகுப்பைக் கொடுத்து, படம் வரையாமல் சுருக்க அளவுகளை மட்டும் கணக்கிடச் சொன்னேன். x சராசரி 54.26, y சராசரி 47.83, ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு, முழுப் பொருத்தம் என்றால் 1) கிட்டத்தட்ட பூஜ்யம். "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று முடிவெழுதினார்கள். பிறகு சிதறல் படம் வரைந்தார்கள். திரையில் ஒரு டைனோசர் நின்றது.

ஆல்பெர்ட்டோ கைரோ 2016இல் வரைந்த டைனோசர் அது. மறு ஆண்டே மட்டேக்காவும் ஃபிட்ஸ்மாரிஸும் இதே சுருக்க அளவுகளோடு நட்சத்திரம், வட்டம் என்று ஒரு டஜன் உருவங்களை உண்டாக்கிக் காட்டினார்கள். 1973இல் ஆன்ஸ்கம் நான்கு தரவுத் தொகுப்புகளை வைத்துச் சொன்ன அதே பாடம்தான். ஆனால் டைனோசரைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

ஜூலை 18

நாரை நாள். ஐரோப்பாவில் குழந்தைகளை நாரைதான் கொண்டுவந்து போடுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். ராபர்ட் மேத்யூஸ் 2000ஆம் ஆண்டில் 17 ஐரோப்பிய நாடுகளின் நாரை இணைகளையும் பிறப்பு எண்ணிக்கையையும் ஒப்பிட்டார். ஒட்டுறவுக் கெழு 0.62, பி மதிப்பு 0.008. தொடர்பே இல்லையென்றால் இவ்வளவு வலுவான ஒட்டுறவு 125இல் ஒரு தடவைதான் தற்செயலாக அமையும். காரணம் எளிது: பெரிய நாட்டில் நாரையும் அதிகம், மனிதரும் அதிகம், பிறப்பும் அதிகம். பரப்பளவு இரண்டையும் பின்னாலிருந்து ஆட்டுகிறது.

சிரிப்பு அடங்க நேரமானது. வகுப்பு முடிந்து வெளியே போகும்போது ஒருவர் நண்பரிடம் சொன்னது காதில் விழுந்தது: "அப்படின்னா எந்த ஒட்டுறவையும் நம்ப வேண்டியதில்ல."

ஜூலை 19

நேற்று கேட்ட அந்த வாக்கியத்தை விட முடியவில்லை. அது பொல்லாத வாக்கியம். அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது.

எண்களை வைத்து எப்படியெல்லாம் ஏமாற்றலாம் என்பதை நகைச்சுவையாகச் சொல்லி, 1954இல் டேரல் ஹஃப் ஒரு நூல் எழுதினார். புள்ளியியலில் அதைப்போல விற்ற நூல்கள் குறைவு. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1965இல், சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை அச்சிடுவது பற்றி அமெரிக்க நாடாளுமன்றம் விசாரணை நடத்தியபோது ஹஃப் புகையிலைத் தரப்புக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். அங்கேயும் நாரை வந்தது. நாரைக்கும் குழந்தைக்கும் இருப்பதைப் போன்ற உறவுதானா புகைக்கும் நோய்க்கும் என்று ஒரு செனட்டர் கேட்க, இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்ற பொருளில் பதில் சொன்னார்.

நேற்று என் வகுப்பு சிரித்த அதே நாரை. மக்கள் உயிரோடு விளையாட அது பயன்பட்டிருக்கிறது. தேநீர்ச் சோதனையை அவ்வளவு அழகாக அமைத்த ஃபிஷரும்கூட 1950களின் இறுதியில், புகைபிடிக்கும் விருப்பத்தையும் புற்றுநோயையும் ஒரே மரபணுக் காரணம் தூண்டலாம் என்று வாதாடிக்கொண்டிருந்தார். எண்களைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுப்பது பாதி வேலைதான். அந்தப் பாதியோடு நிறுத்தினால் கெட்டிக்காரத்தனமாகச் சிரிப்பவர்கள் கிடைப்பார்கள், ஆய்வாளர்கள் கிடைக்க மாட்டார்கள். அடுத்த வகுப்பில் நம்பிக்கை இடைவெளி என்ற பாடத்தை எடுப்பதாக இருந்தேன். அது காத்திருக்கட்டும்.

ஜூலை 23

நாரையையும் சிகரெட்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டோல், ஹில் இருவரும் 1950இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொண்டோம். நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைபிடிக்காதவர்கள் 2 பேர் மட்டுமே. ஒப்பீட்டுக்கு எடுத்த 649 பேரில் 27 பேர். அதன்பின் 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, பதில் அனுப்பிய ஏறக்குறைய 40,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள்.

1965இல், ஹஃப் சாட்சி சொன்ன அதே ஆண்டில், ஹில் ஓர் உரை நிகழ்த்தினார். ஒரு தொடர்பு எப்போது காரணமாக இருக்கக்கூடும் என்பதற்கு ஒன்பது கோணங்களை அதில் முன்வைத்தார். அவற்றில் சிலவற்றை எடுத்து நாரையிடமும் கேட்கச் சொன்னேன்.

அளவு கூடக் கூட விளைவும் கூடுகிறதா? அதிகம் புகைத்தவர்களிடம் இறப்பும் அதிகம். நாரை? "கூரையில் மூன்று நாரை இருந்தால் மூன்று பிள்ளைகளா?" காரணம் முன்னால் வருகிறதா? வெண்நாரைகள் குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்கா போய்விடுகின்றன. "அந்த மாதங்களில் பிரசவ வார்டைப் பூட்டிவிடுவார்களா?" காரணத்தை நிறுத்தினால் விளைவு குறைகிறதா? புகையை விட்டவர்களுக்கு, தொடர்ந்து புகைத்தவர்களைவிட ஆபத்து குறைந்தது. ஃபிஷரின் மரபணு யோசனை இங்கேதான் திணறுகிறது. சிகரெட்டை அணைத்ததும் மரபணு மாறுவதில்லையே. இதை நான் சொல்லவில்லை, முதல் நாள் பின்வரிசையில் சிரித்தாரே, அவர் சொன்னார். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

நாரை ஒவ்வொரு கேள்வியிலும் தோற்றது, ஒவ்வொரு தோல்விக்கும் சிரிப்பு வந்தது. சிகரெட் ஒவ்வொன்றையும் தாண்டி நின்றது. வெள்ளிக்கிழமை சிரித்த அதே ஆட்கள்தான். இன்று அவர்கள் எதை நம்பலாம் என்பதற்காகச் சிரித்தார்கள்.

ஜூலை 25

அடுத்த வாரத்துக்கான வீட்டுப்பாடம் தயார். 2018இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழின் கிறிஸ்துமஸ் பதிப்பில் வந்த சமவாய்ப்புச் சோதனை (யாருக்கு எது என்று குலுக்கல்போல முடிவு செய்யும் சோதனை) அது. விமானத்திலிருந்து குதித்த 23 பேரில் சிலருக்குப் பாராசூட், சிலருக்கு வெறும் முதுகுப்பை. முடிவு: இறப்பிலும் பெரும் காயத்திலும் வேறுபாடு இல்லை. முதலில் முடிவை மட்டும் படித்துவிட்டு, அதை நம்புகிறீர்களா, ஏன் என்று அரைப் பக்கம் எழுத வேண்டும். அப்புறம்தான் முறையியல் பகுதியைத் திறக்க வேண்டும். விமானம் தரையில் நின்றுகொண்டிருந்தது, குதித்த உயரம் சராசரியாக 0.6 மீட்டர், வேகம் பூஜ்யம் என்பது அங்கே இருக்கிறது.

மூன்றாவது கேள்வி ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். இந்தச் சோதனையில் சமவாய்ப்பு முறை சரியாக நடந்திருக்கிறது, கணக்கும் சரி. அப்படியானால் தவறு எந்த இடத்தில்? யாரெல்லாம் பங்கேற்கச் சம்மதித்தார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கவும்.