அம்மாவை மாடிக்கு ஏற்றுவது எப்படி

கடலூர்க்காரனுக்குப் புயலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்ற நினைப்பு எனக்கு உண்டு. துறைமுகத்தில் எத்தனாம் எண் கூண்டு ஏற்றினால் என்ன அர்த்தம் என்று டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரிய அபாயம். பதினொன்று என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம் என்று வருஷத்தைச் சொன்னால் போதும், ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருப்போம்.

ஆனால் 2024 டிசம்பரில், எண்பத்தொரு வயது அம்மாவைப் பதினேழு படி தூக்கி மாடிக்கு ஏற்றத் தெரியாமல் நான் முழித்தேன்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. சரி, போய்விட்டது என்று மெழுகுவர்த்தியை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டோம். டிசம்பர் 2 விடிவதற்கு முன்னால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்தார்கள். பெண்ணையாறு கரையேறி எங்கள் தெருவுக்குள் வந்தது. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து நடை கிடையாது. முழங்கால் தண்ணீரில் நாலு பேர் நின்று, ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால் என்று பிடித்து இழுத்தோம். தூக்கினோம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. மறுநாள் அம்மாவின் வலது தோள் வீங்கிவிட்டது, மூன்று மாதம் தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை.

அதனால்தான் போன மாதம் கல்யாண மண்டபத்தில் தீயணைப்புத் துறையினர் பயிற்சி தருகிறார்கள் என்றதும் ஞாயிற்றுக்கிழமை ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

முதலில் தீயணைக்கும் சிலிண்டர். பின்னைப் பிடுங்கு, குழாயைத் தீயின் அடிக்கு நீட்டு, அழுத்து, இடமும் வலமுமாக வீசு. என் முறை வந்தபோது ஜ்வாலையைப் பார்த்து அடித்தேன், தீ என்னைச் சட்டை செய்யவே இல்லை. "அண்ணே, அடியில, அடியில!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அப்புறம் இதயம் நின்றுபோனவருக்குச் செய்வது மாதிரி ரப்பர் பொம்மையின் மார்பில் அழுத்துவது. நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். முப்பதுக்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ரசாயன ஆலைகள் இருக்கும் சிப்காட் பக்கம் வாயு ஏதாவது கசிந்தால் எப்படி ஓடுவது என்றும் சொன்னார்கள்: காற்று போகும் திசையிலேயே ஓடாதே, குறுக்கே போ, ஈரத்துணியால் மூக்கைப் பொத்து. நான் இத்தனை வருஷமாக வாடை வந்தால் ஜன்னலைச் சாத்துவதோடு சரி.

கடைசியில் "கேள்வி உண்டா?" என்றார்கள். எழுந்து அம்மாவைப் பற்றிக் கேட்டேன்.

நரைத்த மீசை வைத்த தீயணைப்பாளர் ஒருவர், "எத்தனை படி? நடுவுல திருப்பம் இருக்கா? வீட்ல என்ன நாற்காலி?" என்று கேட்டார். பிளாஸ்டிக் நாற்காலி என்றதும் உதட்டைப் பிதுக்கினார். கால் விரிந்துவிடுமாம், மர நாற்காலிதான் வேண்டும். இடுப்பைத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டு. கையை மடியில் கோத்துக்கொள்ளச் சொல், இல்லாவிட்டால் பாதியில் பயந்து கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்கள், எல்லோரும் சேர்ந்து உருள வேண்டியதுதான். இறங்கும்போது முகம் கீழே பார்த்திருக்கட்டும். ஏறும்போதும் அப்படியே, முதுகுப்பக்கத்தை மேலே வைத்துப் பின்னுக்கு ஏற்றணும். பலசாலி மேலே நாற்காலியின் முதுகைப் பிடிக்க, இன்னொருத்தர் கீழே முன்கால்களைப் பிடிக்க வேண்டும்.

தீ என்றால் கீழே இறங்கணும், வெள்ளம் என்றால் மேலே ஏறணும். எங்கள் ஊருக்கு இரண்டுமே வேண்டும்.

அன்று சாயங்காலமே வீட்டில் ஒத்திகை. அப்பா காலத்துத் தேக்கு நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கினோம். நான் மேலே, மாடியில் குடியிருக்கும் தம்பி கீழே. "என்னடா, சாமி புறப்பாடா?" என்று அம்மா சிரித்தாள். துண்டு கட்டியதும் சிரிப்பு நின்றது. ஒன்று, இரண்டு என்று படியை எண்ண ஆரம்பித்தாள். ஒன்பதாம் படியில் திருப்பம். அங்கே தம்பி சுவரில் முட்டிக்கொண்டான், அம்மா பெருமாளைக் கூப்பிட்டாள். எப்படியோ ஏற்றிவிட்டோம்.

இறக்கத் திருப்பியதும் வீட்டையே புரட்டிப் போட்டாள். "காலை முன்னால விட்டு வாசலுக்குக் கொண்டு போறது யாரைன்னு தெரியுமாடா உனக்கு?" நான் முகத்தைப் பார்த்தேன், விளையாட்டாகச் சொல்லவில்லை. இது உட்கார்ந்த நிலை, அது படுத்த நிலை என்று தம்பிதான் பொறுமையாக விளக்கினான். ஒருவழியாக ஒத்துக்கொண்டு இறங்கினாள்.

கீழே வந்து காப்பி குடித்துவிட்டு, "சரி, நீ கடையில இருக்கிற, இவன் வேலைக்குப் போயிட்டான். அப்போ?" என்றாள்.

நாங்கள் இருவரும் பேசவில்லை. என் மனைவி கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டாள். அவர்கள் அவசரப்படவில்லை. படிக்குப் படி நின்று, "வச்சாச்சா? வச்சாச்சு" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டே ஏற்றினார்கள். திருப்பத்தில் நாற்காலியைக் கீழே வைத்து, அக்கா இடம் மாறி நின்றபிறகுதான் மறுபடி எடுத்தார்கள். சுவரில் ஒரு கீறல் விழவில்லை.

இறங்கி வந்ததும் அம்மா, "இவளுங்க தூக்கினதுலதான் ஆட்டமே இல்லை" என்றாள்.

நான் கடைக்குப் போனேன். காலண்டருக்குப் பின்னால் நாலு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த சிவப்பு சிலிண்டரை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தேன். அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கட்டத்தில் நின்றது.