பெருத்த காலனியை ஃபேஜ் ஏன் முழுசாகத் தின்பதில்லை

குடுவையில் கலங்கலாக வளரும் ஈ. கோலை பாக்டீரியாவில் ஃபேஜை (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) விட்டால் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அதே ஃபேஜை, அகார் என்னும் கூழுக்குள் உருண்டு திரண்ட காலனிமேல் (ஒரே செல்லிலிருந்து பெருகிய பாக்டீரியாக் கூட்டம்) விட்டால் பல காலனிகள் தப்பிவிடும். உடனே 'எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது' என்று முடிவுகட்ட வேண்டாம். பல சமயம் அது வெறும் வடிவக் கணக்குதான்.

காலனியில் வெளி அடுக்குச் செல்கள்தான் ஃபேஜை வாங்கிக்கொள்கின்றன. ஒரே செல்லில் பத்து ஒட்டினாலும் சாவது ஒரு செல்தான், ஒன்பது வீண். செத்த செல்லின் சிதிலத்திலும் ஏற்பிகள் (ஃபேஜ் ஒட்டும் இடங்கள்) மிஞ்சியிருப்பதால் அதுவும் ஃபேஜை உறிஞ்சும். சாவு மேற்பரப்பைப் பொறுத்தது, பிறப்பு கன அளவைப் பொறுத்தது. ஆரம் இரட்டித்தால் முன்னது 4 மடங்கு, பின்னது 8 மடங்கு. ஆகவே ஓர் எல்லையைத் தாண்டிப் பெருத்த காலனியில் பிறப்பு சாவை முந்திவிடும். கோபன்ஹேகன் நீல்ஸ் போர் நிறுவன ஆய்வாளர்கள் 2018-இல் ஈ. கோலை, பி1 என்னும் ஃபேஜ் இணைக்கு இந்த எல்லையைச் சுமார் 50,000 செல்கள் என்று காட்டினார்கள். ஒற்றைச் செல்லிலிருந்து 16 இரட்டிப்புக்குள் அது வந்துவிடும்.

செய்து பார்க்க, அடியில் 1.5% அகார், மேலே 45–48 டிகிரியில் உருக்கி வைத்த 0.5% மென் அகார் 3 மில்லி. பி1 ஒட்டுவதற்கு 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு கட்டாயம். மென் அகாரில் கலக்கத் தட்டுக்குச் சில நூறு செல்கள் போதும். நெருக்கமாக விதைத்தால் உணவு தீர்ந்து வளர்ச்சி நின்றுவிடும், பிறகு எது எதைத் தடுத்தது என்றே புரியாது. 37 டிகிரியில் வைத்து, மணிக்கொரு தட்டில் ஒரே அளவு ஃபேஜைத் தெளியுங்கள். மறுநாள் எண்ணினால், தாமதமாகத் தெளித்த தட்டுகளில்தான் காலனிகள் மிஞ்சியிருக்கும்.

பி1 இயல்பில் செல்லைக் கொல்லாமல் உள்ளேயே தங்கிவிடக்கூடியது. ஆகவே கொல்ல மட்டுமே தெரிந்த 'விர்' திரிபைத்தான் எடுக்க வேண்டும். இதை மறந்தால் தப்பியவை எல்லாம் ஃபேஜைச் சுமக்கும் செல்களாக இருக்கும், சோதனையே பாழ்.

தப்பிய காலனியைக் குத்தியெடுத்து, ஒட்டியிருக்கும் ஃபேஜ் போக இரண்டு முறை புதுத் தட்டில் கோடிழுத்துப் பிரியுங்கள். அதை மறுபடி, அதே ஃபேஜைக் கோடாக இட்ட தட்டில் அதன் குறுக்கே இழுங்கள். கோடு அங்கே அறுந்தால் அது கூட்டத்தில் ஒளிந்து பிழைத்தது. அறுபடாமல் ஓடினால்தான் உண்மையான எதிர்ப்பு.