கோட்டுக்குக் கீழே

மார்ச் 3, செவ்வாய்

காரின் டப்பாவில், இன்ஜினைக் குளிரவைக்கிற கூலன்ட் கீழ்க்கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே நிற்கிறது. போன மாதம் மேல்கோடு வரை ஊற்றியது நான்தான். கூலன்ட் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கு இல்லை, மூடின சுற்றுக்குள்ளேயே ஓடுகிறது, குறைந்தால் எங்கோ வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தரை காய்ந்து கிடக்கிறது.

வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள்.

மார்ச் 4, புதன்

ராத்திரியே ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து இன்ஜினுக்குக் கீழே விரித்துவைத்தேன். காலையில் ஒரு சொட்டுக்கறை இல்லை. மேல்கோடு வரை ஊற்றி, டப்பா மேல் மார்க்கரால் இன்னொரு கோடும் போட்டிருக்கிறேன். இனிமேல் இன்ஜின் ஆறின பிறகு, காலையில் மட்டும்தான் பார்ப்பது. சூட்டில் கூலன்ட் விரியும், அப்போது பார்த்தால் இல்லாததும் இருப்பதாகத் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

போய் வந்தாச்சு. போக 62 கிலோமீட்டர், வர 62. டெம்பரேச்சர் ஊசி நடுவை விட்டு அசையவில்லை, ஆனாலும் நான் ரோட்டைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம்.

திரும்பும்போது அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். சிக்னலில் நின்றதும், "என்னடா, தித்திப்பா ஒரு வாசனை வருது" என்றாள். எனக்கு எதுவும் வரவில்லை. மருந்து ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு வாசனை வருகிறது, சோப்பில், தலையணையில், என் சட்டையில். சரிம்மா என்று ஜன்னலை இறக்கினேன்.

படுத்த பிறகுதான் உறைத்தது. எதிலீன் கிளைகால். கூலன்ட்டின் வாசனையே தித்திப்புதான்.

மார்ச் 6, வெள்ளி

தித்திப்பு வாசனை வண்டிக்குள் வந்தால் முதல் சந்தேகம் ஹீட்டர் கோர் மேல்தான். டேஷ்போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குட்டி ரேடியேட்டர் அது. அதை எடுக்க பல வண்டிகளில் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். ராத்திரி இரண்டு மணி வரை அடுத்தவர்கள் கழற்றுகிற வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் கார்பெட்டைத் தூக்கிக் கை வைத்தேன், ஈரம் இல்லை. கண்ணாடியில் உட்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஆவி படியும் என்கிறார்கள், அதுவும் இல்லை. பேப்பர் டவலால் துடைத்து மூக்கருகே வைத்து, இதைச் செய்ததை யாரிடமும் சொல்லக்கூடாது.

சாயங்காலம் அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து வாசலிலேயே இன்ஜினை இருபது நிமிடம் ஓடவிட்டேன். வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தபோது, "வருது" என்றாள். உள்காற்றே சுற்றும்படி பட்டனை அழுத்தினேன். கொஞ்ச நேரம் பொறுத்து, "இப்ப இல்லை." மறுபடி மாற்றினேன். "வருது." மூன்று தரம் மாற்றிப் பார்த்தேன், மூன்று தரமும் சரியாகச் சொன்னாள். ஹீட்டர் கோர் ஒழுகினால் உள்காற்றில் வாசனை கூடத்தான் வேண்டும், போகாது. அப்படியானால் ஒழுகல் பானட்டுக்கு அடியில்தான், அதுவும் பின்பக்கம், கண்ணாடிக்குக் கீழே காற்று நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில்.

நேற்று அவள் மூக்கை நம்பாமல் விட்டதற்கு இன்னும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

மார்ச் 7, சனி

ஒர்க் ஷாப்பில் காட்டினேன். மெக்கானிக் பானட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்தார், வண்டியைத் தொடக்கூட இல்லை. "வெளியே சொட்டு இல்லேன்னா உள்ளே குடிக்குதுன்னு அர்த்தம் சார். ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். ஹெட்டை இறக்கணும்." ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற அடைப்புத் தகடு. அது போனால் கூலன்ட் ஆயிலில் கலக்கும், இல்லை சைலன்சர் வழியாக வெள்ளைப் புகையாகப் போகும். எத்தனை நாள் ஆகும் என்றேன். விட்டுவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார். வண்டியை விட முடியாது. ஏன் முடியாது என்று அவரிடம் விளக்கிக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பால் கலந்த மாதிரி வெளுப்பு இல்லை, சுத்தமான கறுப்பு. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. இல்லை என்பது நிம்மதியா, ஆரம்ப கட்டமா? அந்த "ஆரம்ப கட்டம்" என்ற சொல்லே பிடிக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! இன்ஜினின் பின்பக்கம், தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலிருந்து (சூட்டுக்குத் தக்கபடி கூலன்ட்டுக்கு வழி திறக்கிற வால்வின் கூடு) கிளம்புகிற ஹோஸின் கிளாம்ப் ஓரத்தில் வெள்ளையும் ரோஸுமாக உப்புப் பூத்த மாதிரி ஒரு படிவு. கூலன்ட் கசிந்து தண்ணீர் ஆவியாகி மிச்சம் காய்ந்தது. கீழே சூடான பிளாக்கில் பட்டதும் ஆவியாகிவிடுகிறது, அதனால்தான் அட்டையில் ஒன்றும் விழவில்லை. ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு கிளாம்ப்பை மூன்று சுற்று முறுக்கினேன். நன்றாக இறுகிற்று. பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் படிவைத் தேய்த்து எடுத்தேன்.

ஹெட்டை இறக்கணுமாம்.

மார்ச் 9, திங்கள்

கோட்டிலேயே நிற்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

நிற்கிறது. அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "வண்டிய எடுத்தியா?" என்றாள். எடுக்கவில்லை. எடுக்காத வண்டியில் எப்படிக் குறையும், மடையன்.

மார்ச் 12, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை, ஆனால் எழுதிவிடுகிறேன்.

திரும்பி வரும்போது வீட்டுக்கு இன்னும் 20 கிலோமீட்டர், ஊசி ஏற ஆரம்பித்தது. ஏசியை அணைத்தேன், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஃபேனை அதிகபட்சத்துக்குத் திருப்பினேன். அது இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுக்கும். இழுத்து யார் மேல் ஊதும்? அம்மா மேல். ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சிவப்புக்கு முன்னால் ஒரு மர நிழல் கிடைத்தது, நிறுத்தினேன்.

முக்கால் மணி நேரம் நின்றோம். மூடியைத் திறக்கச் சொல்லிக் கை பரபரத்தது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரணமாக 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். மூடி பிடித்துவைக்கிற அழுத்தத்தில் அது 125ஐத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும். இது தெரிந்தவன்தான் நான், இருந்தும் இரண்டு தரம் போய் மூடியைத் துணியால் தொட்டுப் பார்த்தேன். அம்மா உள்ளேயிருந்து, "ஆறட்டும்டா, என்ன அவசரம்" என்றாள். இவளா கேட்கிறாள் என்ன அவசரம் என்று.

ஆறின பிறகு டப்பாவில் ஒன்றுமே தெரியவில்லை. டிக்கியிலிருந்த இரண்டு பாட்டில் டிஸ்டில்டு வாட்டரும் போயிற்று.

ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் என்கிறார்கள்.

மார்ச் 13, வெள்ளி

ராத்திரி முழுக்க ஹெட் கேஸ்கெட். அது போனால் எரிந்த புகை கூலன்ட்டுக்குள் நுழையும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நீலத் திரவம் இருக்கிறது. டப்பா வாயில் ஒரு குழாயை வைத்து, உள்ளே இருக்கும் காற்றை அந்தத் திரவம் வழியாக இழுக்க வேண்டும். புகையிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாக மாறும். நண்பன் வேலை செய்கிற இடத்திலிருந்து வாங்கி வந்தான், கூடவே பிரஷர் டெஸ்டரையும் ஞாயிறு வரைக்கும் என்று கொடுத்துவிட்டுப் போனான்.

இன்ஜினைச் சூடாக்கி, பம்ப்பை அழுத்தி அழுத்தி விட்டேன். குமிழ் குமிழாக ஏறுகிறது. நீலம். ஒரு நிமிடம். நீலம். நிழல் பட்டபோது ஒரு கணம் பச்சையாகத் தெரிந்து வயிறு கலங்கிவிட்டது, வெளிச்சத்தில் பிடித்தால் நீலம்தான். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று சைலன்சர் வாயில் வைத்துப் பார்த்தேன், உடனே மஞ்சளாயிற்று. கழுவி, புதுத் திரவம் ஊற்றி டப்பாவில் மறுபடி. நீலம்.

ஒரு சோதனையில் நல்ல பதில் வந்தது, அப்படியே குழாயும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

இன்ஜின் ஆறியிருக்கும்போதே டப்பா மூடிக்குப் பதிலாக டெஸ்டரை மாட்டி 15 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றினேன். எங்கள் மூடியில் 1.1 பார் என்று போட்டிருக்கிறது, அது 16 வரும், அதைத் தாண்டக்கூடாது. பத்து நிமிடத்தில் முள் 11க்கு இறங்கிற்று. வண்டி நிற்கிறது, இன்ஜின் ஓடவில்லை, சூடு இல்லை, ஆவியாக வழியும் இல்லை. கசிந்தால் தெரிந்தே ஆகணும். சின்னக் கண்ணாடியை ஒரு கம்பியில் கட்டிப் பின்பக்கம் விட்டு டார்ச் அடித்தேன்.

ஹோஸ் அல்ல. ஹோஸுக்குள் நுழைந்திருக்கும் ஹவுசிங்கின் கழுத்து. பிளாஸ்டிக். கிளாம்ப்பின் விளிம்பிலிருந்து ஒரு முடி மாதிரி விரிசல் கீழே இறங்குகிறது, அதன் நுனியில் ரோஸ் நிறத்தில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுகிறது. எண்ணினேன், நான்கு வினாடிக்கு ஒன்று.

வண்டி வந்தபோது அங்கே ஸ்பிரிங் கிளாம்ப் இருந்திருக்கும். சூட்டில் ஹோஸ் விரிந்து சுருங்கும்போது கூடவே விரிந்து சுருங்கும். யாரோ எடுத்துவிட்டுத் திருகு கிளாம்ப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. கடைசி மூன்று சுற்று நான்தான். ஞாயிற்றுக்கிழமை இன்னும் சின்னதாக இருந்ததை நான் திறந்துவிட்டேன், வியாழக்கிழமை அம்மா மேல் சூடுகாற்று ஊதினேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஹவுசிங் செவ்வாய்தான் வரும். ஒழுகலை அடைக்கிற பவுடர் ஒன்று இருக்கிறதே, அதை ஊற்று என்கிறான் அண்ணன் போனில். அது விரிசலை மட்டுமா அடைக்கும், ஹீட்டர் கோரின் ஊசித்துளைகளையும் சேர்த்து அடைக்கும். வேண்டாம்.

தரையில் சொட்டியதை மூன்று தரம் கழுவினேன். தித்திப்பு என்று பூனை நக்கிவிடும், கொஞ்சம் போதும் சிறுநீரகம் போவதற்கு. வாசல் படியில் படுக்கும் பழுப்புப் பூனை நாள் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மார்ச் 16, திங்கள்

அம்மா சாப்பிடவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கூலன்ட்டை வாளியில் இறக்கி மூடிவைத்தேன். ஹவுசிங்கில் மூன்று போல்ட், 10 நம்பர் ஸ்பேனர். மூன்றாவது இன்ஜினுக்கும் சுவருக்கும் நடுவே, பார்க்க முடியாது, தடவித்தான் கழற்றணும், அதற்கு மட்டும் ஒரு மணி நேரமும் இரண்டு முட்டித் தோலும் ஆயிற்று. ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் வளையம், பழைய ஓ ரிங், உருண்டையாகவே இல்லை, நசுங்கிச் சதுரமாகிவிட்டது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. விரிசல் மட்டும் இல்லையென்றாலும் அது இன்னொரு நாள் காலை வாரியிருக்கும்.

அலுமினிய முகத்தில் ஒட்டியிருந்ததைப் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினேன். ஸ்க்ரூ டிரைவர் தொடக்கூடாது, ஒரு கீறல் போதும். புது ஓ ரிங்கில் கொஞ்சம் கூலன்ட் தடவி உட்காரவைத்தேன். போல்ட்டுகளை முறுக்கும் விசை 10 நியூட்டன் மீட்டர், அந்த அளவு வந்ததும் சொல்கிற டார்க் ரென்ச் 'டிக்' என்றதும் நிறுத்தினேன், அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை. ஸ்பிரிங் கிளாம்ப். பழைய திருகு கிளாம்ப்பை எறிய மனமில்லாமல் டூல் பெட்டியில் போட்டிருக்கிறேன்.

அதே வகைக் கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், பாதிக்குப் பாதி. ஏர் திருகைத் திறந்துவைத்து, குமிழ் நின்று திரவம் மட்டும் வரும் வரை மெதுவாக ஊற்றினேன். அப்புறம் ஹீட்டரைச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தரம் சுற்றி நிற்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். மேல் ஹோஸ் சூடு, கீழ் ஹோஸும் சூடு. தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது.

அம்மா கைத்தாங்கலாக வந்து வாசலில் நின்றாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தாள். "இல்லடா."

மார்ச் 18, புதன்

காலை: கோட்டில்.

30 கிலோமீட்டர் சும்மா சுற்றிவிட்டு வந்தேன். ஊசி நடுவில். நான்கு மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால் கோட்டுக்கு ஒரு நூல் கீழே. உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியே வந்திருக்கும். முதல் ஓட்டத்தில் அப்படித்தான் ஆகும், ஊற்றிச் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான். ஊற்றினேன். கண்ணாடியை விட்டுப் பார்த்தேன், கழுத்து காய்ந்திருக்கிறது. விரலால் தடவினேன், காய்ந்திருக்கிறது. டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன்.

நாளைக்கு ஐந்து மணிக்கே கிளம்பணும். டிக்கியில் ஆறு பாட்டில் ஏற்றியாச்சு. அம்மா ஃபைலையும் பையையும் எடுத்துக் கதவருகே வைத்துவிட்டாள்.

அட்டையை விரித்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.